ரேம் விலை எகிறும் நேரத்தில் சத்தமில்லாத கேமிங் பிசி: ரூ.50,000-க்குள் சாத்தியமா?

“அண்ணே, 50 ரூபாய்க்குள்ள ஒரு செட்டு போட முடியுமா? கேமும் ஓடணும், படிக்கவும் ஆகணும். ராத்திரி சத்தம் மட்டும் வரக் கூடாது.”

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்த மாதிரிக் கேள்வி புதிதல்ல. அங்கே 50 ரூபாய் என்றால் 50 ஆயிரம். பதில்தான் இப்போது மாறியிருக்கிறது. யூடியூபில் ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்த ‘பட்ஜெட் பிசி’ வீடியோவைப் பார்த்து, பார்ட்ஸ் பட்டியலை மொபைலில் எழுதிக்கொண்டு போகும் மாணவர், முதல் கடையிலேயே கணக்கு உதைப்பதைப் பார்க்கிறார். காரணம், ஒரு சின்னப் பொருள்: ரேம்.

பெற்றோர் சிரமப்பட்டுத் தரும் பணம். ஒரு தடவை தப்பாக வாங்கினால் டிகிரி முடியும்வரை அதோடுதான் ஓட்ட வேண்டும். எனவே கடைக்குப் போகும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. விலை ஏன் ஏறியது, சத்தம் எங்கிருந்து வருகிறது, கையில் இருக்கும் காசை எதில் போட வேண்டும். இந்த மூன்றையும் இணைப்பது ஒரே சொல்: வாட். எப்படி என்று பார்ப்போம்.

ரேம் விலை ஏன் ஏறியது?

உலகில் விற்பனையாகும் ரேம் சிப்களில் பெரும்பங்கைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள். தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். இந்த மூன்றும் இப்போது ஒரே வாடிக்கையாளரைத்தான் முதலில் கவனிக்கின்றன. அது மாணவர் இல்லை, ஏஐ டேட்டா சென்டர்.

ஏஐ சிப்களுக்கு ‘எச்பிஎம்’ என்ற அடுக்கு மெமரி தேவை. அதே கொள்ளளவுக்குச் சாதாரண டிடிஆர்5 ரேமைவிடச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபரை எச்பிஎம் விழுங்கிவிடும். லாபமும் அதில்தான் அதிகம். ஆலையில் ஓடும் வேஃபர் அந்தப் பக்கம் திரும்பினால், கடைக்கு வரும் ரேம் குறையத்தானே செய்யும்?

2025 அக்டோபர் தொடக்கத்தில், ஓபன்ஏஐ நிறுவனம் தன் ‘ஸ்டார்கேட்’ டேட்டா சென்டர் திட்டத்துக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டோடும் கைகோத்தது. மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரை என்ற இலக்கு அப்போது பேசப்பட்டது. டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான் இன்னொரு அறிவிப்பை வெளியிட்டது. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான ‘க்ரூஷியல்’ பிராண்டு ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்திலிருந்தே விலகுவதாகச் சொன்னது. மாணவர்கள் அசெம்பிள் பிசியில் நம்பிப் போட்டுவந்த பிராண்டு அது.

பழைய டிடிஆர்4 ரேமாவது மலிவாகக் கிடைக்குமா என்றால், அதன் உற்பத்தியையும் இந்த நிறுவனங்கள் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியதால் 2025 நடுவிலேயே அதன் விலையும் ஏறத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ரேம் விலை பல இடங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. எஸ்எஸ்டிக்குள் இருப்பதும் மெமரி சிப்தான் என்பதால் அதற்கும் சூடு பரவியது.

குஜராத்தின் சானந்தில் உள்ள மைக்ரான் ஆலை இதைச் சரிசெய்யாதா? செய்யாது. அது சிப்களைப் பொதி செய்து சோதிக்கும் ஆலை. வேஃபர் தயாரிக்கும் ஆலை அல்ல. தட்டுப்பாடு இருப்பதோ வேஃபரில்.

மாணவருக்கு இதில் என்ன இடி?

ஒரு வருஷத்துக்கு முன்பு 16 ஜிபி ரேம் என்பது பட்ஜெட்டில் சின்ன வரி. இன்று அது பிராசஸர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதே மொத்தத் தொகைக்குள் பிசி போட வேண்டுமென்றால் வேறு எதிலாவது கை வைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கை வைப்பது எஸ்எம்பிஎஸ், கேபினட், கூலர் ஆகிய மூன்றில்தான். கேம் ஓடும் வேகத்தில் இவற்றால் வித்தியாசம் தெரியாது என்பதால் “எது மலிவோ அதைப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சத்தம் வருவதும் இந்த மூன்றின் வழியாகத்தான். தப்பான இடத்தில் மிச்சம் பிடிப்பதன் விலையைக் காது கட்டும்.

இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் பழைய பிசியை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்த வீடுகளும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பிசியில் அசையும் பொருள் இரண்டுதான். ஃபேன், ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் அந்தக் கிர்ரென்ற சத்தம் முழுசாகப் போய்விடும். மிச்சம் ஃபேன்.

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் ஃபேன் சுற்றுகிறது. வாட் கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் ஃபேன் வேகம் கூடும், வேகம் கூடினால் சத்தம் கூடும். ஆகவே ‘சைலன்ட்’ என்று பெட்டியில் அச்சடித்த விலை உயர்ந்த பார்ட்ஸை வாங்குவது இரண்டாவது வழி. குறைந்த வாட்டில் வேலையை முடிக்கும் பார்ட்ஸை வாங்குவதே முதல் வழி. அதற்குத்தான் செலவும் குறைவு.

ஃபேன் விஷயத்தில் ஒரு கணக்கு கைகொடுக்கும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத்தான் கேட்கும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் கூடுவதோ வெறும் 3 டெசிபல். ஆக, ஒரு ஃபேனை முழு வேகத்தில் அலற விடுவதைவிட, இரண்டு ஃபேன்களைப் பாதி வேகத்தில் ஓட விட்டால் கிட்டத்தட்ட அதே காற்று கிடைக்கும், சத்தம் சுமார் 12 டெசிபல் குறையும். சின்ன 80 மி.மீ. ஃபேனைவிடப் பெரிய 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும் என்பதும் இதே கணக்குதான்.

எவ்வளவு குறைந்தால் ‘அமைதி’?

தூங்கும் அறையில் இரவில் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வகுப்பறைக்கு அது சொல்வது 35 டெசிபல். இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளின் வெளிப்புறத்துக்கு இரவில் 45 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன.

ஆனால் நம்ம ஊர் வீடுகளில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிசி அதைவிட அமைதியாக இருந்தால் போதும். அதற்கும் கீழே இறக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சீரான ‘உஸ்’ சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும். கீச்சென்ற ஒற்றைச் சுருதியையும், நிமிஷத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கும் சத்தத்தையும் மறக்காது. சீலிங் ஃபேன் சத்தத்தைத் தாண்டி அது தனியாகக் கேட்கும். ஒரே ஹாலில் அம்மாவும் தம்பியும் தூங்க, ஓரத்தில் அசைன்மென்ட் எழுதும் மாணவருக்கு நிஜமான பிரச்சினை இதுதான். ஹாஸ்டல் அறையிலும் ரூம்மேட்டோடு வரும் சண்டை பெரும்பாலும் இந்தக் கீச்சு சத்தத்தில்தான் தொடங்கும்.

வெயிலை மறக்கக் கூடாது

வெளிநாட்டு ரிவ்யூ வீடியோக்களில் ‘65 டிகிரிதான், சத்தமே இல்லை’ என்று காட்டுவார்கள். அந்த அறையின் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி இருக்கும். மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில் 35 டிகிரிக்கு மேல் போகும். அறை 15 டிகிரி சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாகச் சூடாகும். அதைச் சமாளிக்க ஃபேன் வேகமெடுக்கும். அதே பிசி, அங்கே அமைதி, இங்கே இரைச்சல்.

ஃபோம் ஒட்டி, முன்பக்கம் முழுசாக மூடிய ‘சைலன்ட் கேபினட்’ இங்கே சரிப்பட்டு வராமல் போவதும் இதனால்தான். காற்று நுழைய வழியில்லாததால் ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். முன்பக்கம் வலைபோல் இருக்கும் மெஷ் கேபினட்டே நமக்குப் பொருத்தம். கூடவே கழற்றிக் கழுவும் டஸ்ட் ஃபில்டர் இருக்க வேண்டும். தூசி அடைத்த ஹீட்சிங்க், நல்ல கூலரையும் சத்தக்காரனாக்கிவிடும்.

ரூ.50,000 கணக்கு: எதற்கு எவ்வளவு?

கீழே இருப்பது கடை விலைப் பட்டியல் அல்ல. ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறும் நேரத்தில் அப்படி எழுதுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ‘இதைத் தாண்டக் கூடாது’ என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய உச்சவரம்பு இது.

பிராசஸர், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளது: ரூ.12,000
மதர்போர்டு: ரூ.6,500
ரேம், 8 ஜிபி ஸ்டிக் இரண்டு: ரூ.10,000
எஸ்எஸ்டி, 500 ஜிபி: ரூ.5,000
எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளது: ரூ.3,500
மெஷ் கேபினட், இரண்டு ஃபேன்களோடு: ரூ.3,000
பிராசஸர் கூலர், 120 மி.மீ. ஃபேன்: ரூ.2,000
மானிட்டர்: ரூ.7,000
கீபோர்டு, மவுஸ்: ரூ.1,000

பிராசஸரில் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி இந்தக் கணக்குக்குச் சரியான உதாரணம். 2021-ல் வந்தது. 6 கோர், 12 த்ரெட், 65 வாட். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே படம் காட்டும். மலிவான டிடிஆர்4 மதர்போர்டில் உட்காரும். வேலரண்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 போன்ற கேம்களைக் குறைந்த அல்லது நடுத்தர செட்டிங்கில் ஓட்டும். கோடிங், மேட்லேப், ஆட்டோகேட் 2டி, ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றுக்கும் தாராளம். புதிதாக வரும் பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் எதிர்பார்க்க முடியாது. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வாங்குவதே நல்லது.

இதைவிட வலுவான கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 8600ஜி, 2024-ல் வந்தது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேமும் ஏஎம்5 மதர்போர்டும் வேண்டும். இன்றைய ரேம் விலையில் பட்ஜெட் அங்கேயே உடைந்துவிடும். பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றி மேம்படுத்த ஏஎம்5-ல் வழி அதிகம் என்பது உண்மை. கூடுதலாகப் பணம் போட முடிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும் இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600 என்று ‘ஜி’ இல்லாமல் வருவதிலும் கிடையாது. விலை குறைவு என்று எடுத்துவந்தால் தனி கார்டு வாங்கும்வரை திரை இருட்டுதான்.

ரேமை ஏன் இரண்டு ஸ்டிக்காக வாங்க வேண்டும்? தனி கார்டு இல்லாத பிசியில் கிராபிக்ஸ் வேலைக்கும் இதே ரேம்தான் மெமரி. டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி டேட்டாவைக் கடத்தும். இரண்டு போட்டால் 51.2 ஜிபி. ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போட்டால் கேமில் நொடிக்கு வரும் பிரேம்கள் கண்கூடாகக் குறையும்.

ரேம் விலை உச்சவரம்பைத் தாண்டினால்? எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காமல், வீட்டில் இருக்கும் டிவியையே எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டராக வைத்துக்கொண்டு தொடங்கலாம். கூலரையும் தள்ளிப் போடலாம், பிராசஸரோடு ஒரு சின்னக் கூலர் வரும். நல்ல நிலையில் உள்ள பழைய டிடிஆர்4 ஸ்டிக் வாங்குவதும் பெரிய ஆபத்தில்லை. அசையும் பாகம் எதுவும் ரேமில் இல்லை. ‘மெம்டெஸ்ட்86’ போன்ற சோதனையை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். லேப்டாப் ரேம் டெஸ்க்டாப்பில் பொருந்தாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு இப்போதே வேண்டுமா?

கேமிங் பிசி என்றாலே கார்டு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் சத்தத்திலும் செலவிலும் பெரிய தாவல் அங்கேதான். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் எடுக்கும். பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட். கார்டு இல்லாத மேலே சொன்ன பிசியோ கேம் ஆடும்போதும் மொத்தமாகச் சுமார் 100 வாட்டில் நிற்கும்.

இதை மின்கட்டணத்தில் வைத்துப் பார்க்கலாம். தினமும் 5 மணி நேரம் ஓடினால் 100 வாட் பிசி இரண்டு மாதத்தில் 30 யூனிட் எடுக்கும். 300 வாட் பிசி 90 யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2025-ல் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்தது 100 யூனிட். அதை ஏறக்குறைய ஒரே பிசி தின்றுவிடும். அந்த 300 வாட்டும் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்குகிறது. வெயில் காலத்தில் சின்ன அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்த மாதிரி.

கார்டு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வாட்டைப் பார்த்து வாங்கலாம். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி பதிப்பு 70 வாட்தான். தனி பவர் கேபிள்கூடத் தேவையில்லை. அதற்கு மேலே 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060, 130 வாட் ஆர்டிஎக்ஸ் 5050 இருக்கின்றன. பல கார்டுகளில் லேசான வேலையின்போது ஃபேன் முழுசாக நின்றுவிடும் வசதி உண்டு. படிக்கும் நேரத்தில் பூரண அமைதி, கேம் ஆடும்போது மட்டும் சத்தம். வாங்கும் முன் அந்த மாடலில் இது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

முதலில் கார்டு இல்லாமல் தொடங்கி, விலை இறங்கியதும் சேர்த்துக்கொள்வதே இன்றைய நிலையில் புத்திசாலித்தனம். அதற்காகத்தான் எஸ்எம்பிஎஸ் 450 முதல் 550 வாட்டில் நல்லதாக இருக்க வேண்டும் என்பது. தன் திறனில் பாதிக்கும் கீழே ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேனும் மெதுவாகவே சுற்றும்.

பழைய ஆபீஸ் பிசி: பலர் கவனிக்காத வழி

கம்பெனிகள் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகைப் பிசிகள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கின்றன. பத்துப் பேர் உட்காரும் ஆபீஸ் அறைக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவை இயல்பிலேயே அமைதியானவை. முக்கியமாக, இன்று தனியாக வாங்கினால் கை சுடும் ரேம் இவற்றுக்குள்ளேயே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது அதிலிருந்துதான். அடுத்து, இவற்றின் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால் கார்டு போடுவதானால் 70 வாட் 3050 போன்றதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கேபினட் அளவு. ஒல்லியான பெட்டிக்கு உயரம் குறைந்த ‘லோ புரொஃபைல்’ கார்டுதான் உள்ளே போகும். கைக்கு அடக்கமான மினி வகையில் பெரும்பாலும் கார்டு போட இடமே இருக்காது.

‘ஃபுல் செட் 20 ஆயிரம்’ விளம்பரம்

ஆர்ஜிபி லைட் மின்னும் கேபினட், ‘ஐ5 கேமிங் பிசி’ என்ற ஸ்டிக்கர், மானிட்டரோடு சேர்த்து 20 ஆயிரம். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இப்படி வருவதை நம்பும் முன் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “எத்தனையாவது ஜெனரேஷன்?” 2012-ல் வந்த 3-ம் தலைமுறையும் ஐ5 தான். அது விண்டோஸ் 11-ன் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும், அங்கேயும் சிக்கல்தான்.

இப்படிப்பட்ட செட்டுகளில் பெரும்பாலும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் இருக்கும். பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருப்பதை அது உண்மையில் தாங்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. அதன் சின்ன ஃபேன்தான் அந்தக் கீச்சு சத்தத்தின் முதல் காரணமும்கூட. மின்வெட்டும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ள ஊரில், எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்ற ஆசையும் வேண்டாம். வாரன்டிக்குப் பில்தான் ஆதாரம். ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கடையை விட்டு இறங்க வேண்டும்.

பைசா செலவில்லாமல் சத்தம் குறைக்க

பிசி வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை இவை. எல்லாமே இலவசம்.

பயாஸில் ஃபேன் கர்வ் என்ற அமைப்பு இருக்கும். 60 டிகிரி வரை ஃபேன் மெதுவாகவே ஓடட்டும் என்று வைத்து, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுத்தால், பிரவுசர் திறக்கும்போதெல்லாம் ஃபேன் சீறுவது நின்றுவிடும்.

கேமில் பிரேம் வரம்பு வைக்க வேண்டும். மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 75 பிரேம் போதும். மிச்சத்தைக் கண் பார்க்கப் போவதில்லை, ஆனால் அதற்கும் சேர்த்து வாட் செலவாகும்.

5600ஜி-யைப் பயாஸில் 45 வாட்டுக்கு இறக்கி வைக்கும் வசதி பல மதர்போர்டுகளில் உண்டு. படிப்பு வேலையில் வித்தியாசமே தெரியாது. சத்தத்தில் தெரியும்.

மரப்பலகை மேசையின் மேல் கேபினட்டை வைத்தால் மேசையே ஸ்பீக்கராகிவிடும். அடியில் ரப்பர் புஷ் அல்லது பழைய யோகா மேட் துண்டு வைத்தால் அதிர்வு அடங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பணமில்லை என்றால் லினக்ஸ் இலவசம். படிப்புக்கு அது போதும், ஸ்டீமில் உள்ள கேம்களும் நிறைய ஓடும். ஆனால் வேலரண்ட் லினக்ஸில் ஓடாது.

காத்திருக்கலாமா?

மெமரி விலை ஏறுவதும் இறங்குவதும் இந்தத் தொழிலில் பழைய கதை. ஆனால் புதிய வேஃபர் ஆலை கட்டி, அதிலிருந்து சரக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அடுத்த மாதமே இறங்கிவிடும் என்று செமஸ்டரை நகர்த்த முடியாது.

கையில் ஏற்கெனவே ஓர் லேப்டாப் இருந்தால் நிலைமை வேறு. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. அப்படி ஒன்று கையில் இருப்பவர்கள், இப்போதைக்கு நல்ல மானிட்டரும் கீபோர்டும் மட்டும் வாங்கி லேப்டாப்போடு இணைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டும் நாளைக்கு டெஸ்க்டாப் போடும்போதும் உதவும், காசு வீணாகாது. ‘கேமிங் லேப்டாப்’ வாங்கலாமே என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒல்லி உடம்புக்குள் சின்ன ஃபேன் என்பதால், கேம் ஓடும்போது இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடுவது பெரும்பாலும் அதுதான்.

லேப்டாப் இல்லாமல், படிப்பு நின்றுபோகும் நிலையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப் போட்டு, ரேமை இரண்டு ஸ்டிக்காக வாங்கி, எஸ்எம்பிஎஸ்ஸிலும் கேபினட்டிலும் சமரசம் செய்யாமல் இப்போதே போட்டுக்கொள்ளலாம். ரேம் விலையை மாணவரால் மாற்ற முடியாது. எத்தனை வாட் பிசி வாங்குகிறோம் என்பதை மாற்றலாம். கடையில் “எத்தனை எஃப்பிஎஸ் வரும்?” என்று கேட்பதற்கு முன் “எத்தனை வாட் எடுக்கும்?” என்று கேட்டால், ராத்திரி பக்கத்தில் தூங்குபவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.